பன்னிரண்டாவது எண்

என் பெயரில் பதினொரு பேர் பேசுகிறார்கள்.
ஊத்தான் மெலிந்தாங்கில் போன் கடை வைத்தவனுக்கு
இது புதிதல்ல.
ஐசி இல்லாதவர்க்கு சிம் கிடையாது.
என் ஐசியை நீட்டி, என் எண்ணாக வாங்கி,
அவர்கள் கையில் வைத்துவிடுவேன்.
குலை வெட்டுகிறவர், லாரிக்கு ஏற்றுகிறவர்,
பஸ் நிலையத்தில் நாசி லெமாக் விற்கும் ஒருத்தி.
நடுராத்திரியில் யாரோ யாரையோ ஏசினால்
சட்டப்படி அது நான்.

பன்னிரண்டாவதாகச் சாந்தமலர் வந்தாள்.
முப்பத்தொரு வயது.
செம்பனை ஆலையில் சாம்பல் அள்ளும் வேலை.
அவள் அப்பா பெயர் முத்தப்பன்.
பிறப்புப் பதிவில் கிராணி எழுதியது முத்து.
அந்த அப்பனை எங்கே விட்டீர்கள் என்று
தெலுக் இந்தானிலும் ஈப்போவிலும்
வரிசையில் நின்று கேட்டுவிட்டாள்.
ஒவ்வொரு முறையும் புதிய பாரம்,
அதே பதில்:
துங்கு டூலு. பொறுத்திரு.

அன்றைக்கு மழை. கடையில் வேறு ஆளில்லை.
"ஒன்று காட்டவா?" என்றேன்.
அவள் போனிலேயே ஒரு சாவி உண்டாக்கினோம்.
மூன்று விநாடி.
"யாரு பெர்மிட் கொடுத்தது?"
யாருமில்லை.
"எந்த ஆபீஸ்ல இருக்கு?"
எந்த ஆபீசிலும் இல்லை. சாவி உன் கையில்.
பூட்டின் நகல்தான் ஊர் ஊராய் இருக்கிறது:
என் மேசைக்கடியில் மூச்சிரைக்கும் பழைய கணினியில் ஒன்று,
பினாங்கில் முகம் தெரியாத எவனோ வீட்டில் ஒன்று,
கடல் தாண்டி எங்கோ பனிக்குள் இன்னும் பல.
இங்கே கரண்ட் போனாலும் நீ போகமாட்டாய்.

"இப்போது பன்னிரண்டு சொல் வரும்.
எழுதி வை. யாரிடமும் காட்டாதே.
என்னிடமும்தான்."
சொல்லிவிட்டுத் திரும்பி நின்று
சார்ஜர் கம்பிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
பேனா ஓடும் சத்தம். மழை.
ஏதோ ஒரு சொல்லில் பேனா நின்றது,
எழுத்துக் கூட்டத் தெரியவில்லை போலும்.
வாய் திறக்கவில்லை அவள்.

சாவி இருந்தால் வீடு வந்துவிடுமா?
சாட்சிக்கு ஆள் தேடினோம்.
எடைப்பாலத்து ஆ மெங் ஒப்பமிட்டான்:
ஏழு வருடம், ஒரு நாளும் தாமதமில்லை.
கிளினிக் நர்ஸ் ரொஹானா:
மூன்றாம் வகுப்பில் நான் ஊசி போட்டபோது இவள் அழவில்லை.
மளிகைக்கடை ஏகாம்பரம் ஒரு பகல் முழுக்க யோசித்தார்.
பிறகு:
கடன் உண்டு. ஓடமாட்டாள்.

இதையெல்லாம் எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போனாள்.
கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவளும் நல்லவள்தான்.
சிஸ்டத்தில் இதற்குக் கட்டமில்லை என்றாள்.
"பின்ன எதுக்குண்ணே இது?"
எனக்குப் பதில் வரவில்லை.
பன்னிரண்டாவது சிம்மை
என் பெயரிலேயே எடுத்துக் கொடுத்தேன்.

தீபாவளிக்கு முந்தின வாரம்
ஆலைக் கழிவுக் குளத்தில் விழுந்தது அவள் போன்.
கை விட்டுத் துழாவ முடியாத கறுப்பு.
பழைய போன் ஒன்று கேட்டு வந்தாள். அறுபது வெள்ளி.
எழுதிய தாள் எங்கே என்றேன்.
அன்றைக்கே அடுப்பில் போட்டாளாம்.
நின்ற வாக்கில் தட்டினாள் பன்னிரண்டையும்.
ஆ மெங் வந்தான். ரொஹானா வந்தாள்.
ஏகாம்பரத்தின் கடன்கூடத் திரும்பி வந்தது.
பாரம் கேட்கவில்லை யாரும்,
துங்கு டூலு சொல்லவில்லை.
நான் அப்போதும்
சார்ஜர் கம்பிகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வங்கியில் இன்னும் கட்டம் வரவில்லை.
அவள் கோப்பு எந்த அலமாரியின் அடியிலோ.

போன வாரம் என்னைப் போலீசில் கூப்பிட்டார்கள்.
என் எண்களில் ஒன்று
கிள்ளானில் யாரோ கிழவரின் சேமிப்பைத் தின்றிருக்கிறது.
என் ஐசி நீலம். என் அப்பன் பெயர் முழுசாய் இருக்கிறது.
மேசைமேல் அதை வைத்து நான்கு மணி நேரம் உட்கார்ந்தேன்,
நான் எப்படிப்பட்டவன் என்று
அந்தக் கார்டுக்கு ஒரு வரி சொல்லத் தெரியவில்லை.

திரும்பி வந்து கடைக்கதவைத் தூக்கினால்
போனில் சின்னதாய் ஒரு மணி.
விளையாட்டுக்கு நான் வைத்திருந்த சாவிக்கு
கேட்காமலே ஒருத்தி ஒப்பமிட்டிருந்தாள்:

சொற்கள் வந்தபோது
இந்த ஆள்
திரும்பி நின்றார்.